எல்லைக்கல் வரும் முன்னர்

சுவிசில் இருக்கும் மருமகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். புல்வெளி நடுவே மாடிவீடு அளவில் தனிப் பாறை ஒன்று. அதன் உச்சியில் அவளுடைய சின்னவன் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறான். சுற்றிவர வேறு கல்லே இல்லை. யாரோ தூக்கிவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனதுபோல இருந்தது. "ஐஸ் கொண்டுவந்த கல்லாம் மாமா. பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவை. கிளிநொச்சியில என்ன கல் இருக்கெண்டு இவன் கேக்கிறான்" என்று கீழே எழுதியிருந்தாள்.

"கிறவல் இருக்கெண்டு சொல்லு" என்று பகிடியாகப் பதில் போட்டேன். அந்தப் பகிடி இரண்டு நாளாக மனதை அரித்தது. இந்தக் கட்டுரை அந்த அரிப்பில் பிறந்தது.

படத்திலுள்ள பாறை சொலத்தூண் மாநிலத்தில் ஸ்டைன்ஹோஃப் என்ற ஊரில் நிற்கிறது. ஊரின் பெயரிலேயே கல் இருக்கிறது, எங்கள் கல்மடு, கல்லாறு போல. தெற்கே வலே மலைகளில் உடைந்த பாறையை ரோன் பனியாறு தன் முதுகில் சுமந்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் நகர்ந்துவந்து, பனி உருகியபோது அங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. இப்படி வந்த பாறைக்கு ஜேர்மன் மொழியில் ஃபிண்ட்லிங் என்று பெயர். பெற்றவர் யாரென்று தெரியாமல் வழியில் கண்டெடுத்த பிள்ளைக்கும் அதே சொல்தான். எங்கிருந்தோ வந்தது, இனி எங்களுடையது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 1930களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடியேற்றக்காரரும், இனக்கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களும், போரில் பத்து இடம் மாறித் திரும்பியவர்களும் சேர்ந்து உருவாக்கிய மாவட்டம் எங்களுடையது. எங்களுக்கு அந்தச் சொல் விளங்கச் சிரமமில்லை.

அந்தப் பாறைகள் வந்த வழியை முதலில் கண்டுபிடித்தவர்கள் படித்தவர்கள் அல்லர் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். பெரிய வெள்ளத்தில் அடிபட்டு வந்தவை என்றே அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லூர்த்தியே என்ற மலைக் கிராமத்தில் ஜான் பியர் பெரோதான் என்று ஒரு மலையாட்டு வேட்டைக்காரர் இருந்தார். 1815 இல் தன் குடிசையில் இரவு தங்கிய ஜான் டி ஷார்ப்பொன்தியே என்ற சுரங்க அதிகாரியிடம், இவ்வளவு பெரிய கல்லைத் தண்ணீர் உருட்டாது, ஒருகாலத்தில் பனியாறு பள்ளத்தாக்கு முழுவதையும் நிரப்பிக் கிடந்திருக்கிறது என்று அவர் சொன்னார். அதிகாரி அன்று நம்பவில்லை. பிறகு பல ஆண்டுகள் நடந்து, பார்த்து, அதே முடிவுக்கு வந்தார். 1837 இல் லூயி அகாசி நியூஷாத்தெல் நகரில் பனியுகக் கொள்கையை உரக்கச் சொன்னபோது உலகம் திரும்பிப் பார்த்தது. மாட்டுக்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் தெரிந்த எத்தனை விடயங்கள் எங்கள் கச்சேரிக் கூட்டங்களுக்குள் நுழையாமலே போகின்றன என்று இதை வாசிக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

கண்டுபிடித்தார்கள் என்பதற்காகக் காப்பாற்றிவிடவில்லை. சுவிஸ்காரரும் எங்களைப்போல வீடு கட்டினார்கள், மதில் கட்டினார்கள், றோட்டுப் போட்டார்கள். வயலில் நிற்கும் கருங்கல்லைவிட மலிவான கல் வேறு ஏது? பாறைகள் பெருந்தொகையாக உடைபட்டன. 1867 இல் பேர்ணார்ட் ஸ்டூடர், அல்போன்ஸ் ஃபாவ்ர் என்ற இரு புவியியலாளர்கள் எஞ்சியவற்றை விட்டுவையுங்கள் என்று நாட்டு மக்களிடம் பகிரங்க வேண்டுகோள் விடுத்தார்கள். அதன் பிறகும் உடைப்பு நடந்தது.

மொந்தே என்ற ஊரில் மார்மெத் பாறை என்று ஒன்று இருக்கிறது. மொன் பிளாங் மலைத்தொடரிலிருந்து பனி கொண்டுவந்த கருங்கல். அதன் தலையில் ஒரு சின்ன வீடே கட்டியிருக்கிறார்கள். கனவளவு 1,824 கனமீற்றர். எங்கள் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 640 கியூப். மூன்று கியூப் பிடிக்கும் டிப்பரில் ஏற்றினால் இருநூறு லோட்டுக்கு மேல். 1900களின் தொடக்கத்தில் அதன் உரிமையாளர் அதைக் கல்லுடைக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். சட்டப்படி விற்றவரிடமும் பிழையில்லை, வாங்கியவரிடமும் பிழையில்லை. சுவிஸ் இயற்கை விஞ்ஞானச் சங்கம் முன்னின்று நாடு முழுவதும் பணம் சேர்த்தது. 1908 அளவில் பாறை மீட்கப்பட்டது. அந்தப் போராட்டத்தின் சூட்டில் 1906 இல் இயற்கைப் பாதுகாப்பு ஆணைக்குழு ஒன்று அமைந்தது. 1909 இல் ஆண்டுக்கு ஒரு பிராங் சந்தாவோடு ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. அந்த ஒற்றைப் பிராங்குகள் சேர்ந்துதான் 1914 ஓகஸ்ட் முதலாம் திகதி சுவிஸ் தேசியப் பூங்கா உருவாக வழி செய்தன.

அந்த ஆணைக்குழுவின் தலைவர் பாசல் நகரத்து பால் சரசின். இலங்கையின் தொல்வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. உறவினர் ஃபிரிட்ஸ் சரசினோடு 1883 இலிருந்து 1886 வரை இலங்கையில் ஆய்வு செய்தவர். 1907 இல், அதாவது மொந்தேயில் பாறைக்காகப் பணம் சேர்ந்துகொண்டிருந்த நாட்களில், மீண்டும் இங்கே வந்து குகைகளைத் தோண்டிக் கற்கால மனிதரின் கல்லாயுதங்களை எடுத்தார். இலங்கையின் கற்காலம் பற்றிய அவர்களுடைய நூல் 1908 இல் வெளிவந்தது. தன் நாட்டில் பனி கொண்டுவந்த பாறையைக் காத்த அதே மனிதர், எங்கள் நாட்டில் ஆதிமனிதன் உடைத்த கற்சில்லைத் தேடித் திரிந்திருக்கிறார்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அதே சரசின்கள் இருவரும் வேடர்களின் மண்டையோடுகளையும் எலும்புகளையும் சேகரித்து பாசலுக்குக் கொண்டுபோனவர்கள். கல்லுக்குக் காட்டிய மரியாதையை அந்தக் கல்லோடு வாழ்ந்த சனத்துக்குக் காட்டவில்லை. வெளியிலிருந்து வந்து "பாதுகாக்கிறோம்" என்று சொல்பவரை எங்கள் ஆட்கள் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? இந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

கிளிநொச்சியில் என்ன கல் இருக்கிறது?

அந்தப் பனி எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் அதன் கை இங்கேயும் எட்டியிருக்கிறது. உலகத்துத் தண்ணீரில் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. ஆழமில்லாத பாக்குநீரிணை அன்று வெறும் தரை. மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஆடுமாடு சாய்த்துக்கொண்டு நடந்து போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்தான் அந்த வழி கடைசியாக மூடியது.

இப்படி உலகம் குளிர்ந்தும் சூடாகியும் கடல் ஏறியும் இறங்கியும் கிடந்த நெடுங்காலத்தின் ஏடு ஒன்று எங்கள் காலடியில் இருக்கிறது. அடியில் உருண்ட சரளைக்கல், மேலே சிவந்த மணல் என்று படிந்திருக்கும், நாங்கள் கிறவல் என்று வெட்டும் அந்த அடுக்குக்குப் புவியியலாளரும் தொல்லியலாளரும் வைத்திருக்கும் பெயர் "இரணைமடு உருவாக்கம்". எங்கள் இரணைமடுக் குளத்தின் பெயர்தான். அம்பாந்தோட்டைப் பக்கம் போய் அதே வகை அடுக்கைத் தோண்டினாலும் அதை இரணைமடு என்றே எழுதுகிறார்கள். தெற்கே பூந்தலவிலும் பட்டிராஜவெலவிலும் இந்த அடுக்கின் சரளைக்குள் கிடந்த கல்லாயுதங்களுக்கு ஏறத்தாழ 80,000 இலிருந்து 125,000 ஆண்டு வரை என்று வயது கணித்தவர் சிரான் தெரணியகல. இலங்கையில் மனிதர் வாழ்ந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் இவையும் அடங்கும். அவருடைய பெருநூல் 1992 இல் வந்தது. 2021 இல் அவர் காலமானார். உலகப் புத்தகங்களில் இரணைமடு என்ற பெயர் குளத்துக்காக இல்லை, கிறவலுக்காக ஏறியிருக்கிறது என்று எங்கள் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

இனி அந்தக் கிறவல் இன்று கிடக்கும் கோலம்.

போன மாசி மாதம் குளத்துக்குக் கீழ்ப்புறமாக உள்ள பழைய கிறவல் குழியொன்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். வெட்டுமுகம் ஒரு ஆளையும் அரை ஆளையும் சேர்த்த உயரம். மேலே ஒரு முழம் கறுத்த மண். அதில் காய்ந்த புல்வேர் தாடிபோலத் தொங்குகிறது. அதற்குக் கீழே செங்கட்டி நிறத்தில் மணல், விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. அதற்கும் கீழே கோடு கிழித்ததுபோலச் சரளை. புறாமுட்டை அளவு, கோழிமுட்டை அளவு, இடைக்கிடை தேங்காய் அளவு. பாலைமரம் ஒன்றின் வேரில் பாதி வெளியில் நிற்கிறது. அடுத்த மாரிக்கு மரம் குழிக்குள் வந்துவிடும். அடியில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன, கரையில் மாட்டுக் குளம்படி. சரளையிலிருந்து வெள்ளைக் கல்லொன்றைப் பிடுங்கினேன். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் சிராய்த்ததுபோலக் கூர். மனிதன் உடைத்ததா, மண்வெட்டி இயந்திரம் உடைத்ததா என்று சொல்லும் படிப்பு எனக்கில்லை. சொல்லக்கூடியவர் பார்க்கும் முன்னரே அந்தச் சுவர் லோட் லோட்டாக ஏறிப் போகிறது என்பது மட்டும் தெரிகிறது.

யார் ஏற்றினார்கள் என்று கேட்டால் விரல் நீட்டுவது சுலபம். என் விரலை என் பக்கமே முதலில் திருப்புகிறேன். மீள்குடியேறி வந்தபோது என் வளவு பள்ளம். மாரியில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். எட்டு லோட் கிறவல் பறித்து உயர்த்தினேன். லோட் என்ன விலை என்று கேட்டேன், எப்போது வரும் என்று கேட்டேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விசரன் என்றிருப்பார்கள். தகரக் கொட்டிலில் இருந்த சனத்துக்கு வீடு வேண்டியிருந்தது. இந்திய வீட்டுத்திட்டம் வந்தது, ஏ-9 வீதி அகலிக்கப்பட்டது, 2013 செப்டெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. தண்டவாளத்தின் கீழே கிடக்கும் ஒவ்வொரு சல்லிக்கல்லும் ஏதோ ஒரு பாறையின் துண்டு. அந்தத் தேவை நேர்மையானது. அதைக் குற்றம் என்று சொல்பவன் மழைக்கு நனைந்திராதவன்.

தேவையின் வேகம் தணிந்த பிறகும் கேள்வி கேட்காத பழக்கம் தணியவில்லை. அங்கேதான் எல்லோருடைய பொறுப்பும் தொடங்குகிறது. கனியவளம் யாருடைய காணிக்குள் கிடந்தாலும் அரசுக்குரியது என்கிறது 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம். அகழ அனுமதி தருவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். அகழ்ந்த நிலத்தைச் சீர்செய்துவிட்டுப் போவதும் அனுமதியோடு சேர்ந்த கடமை. கடதாசியில் எல்லாம் இருக்கிறது. குழிக்குள் மாடு விழுந்து செத்தது என்பது மட்டும் எங்கள் பக்கம் செய்தியாக நின்று, இப்போது செய்தியாகக்கூட இல்லாமல் போய்விட்டது.

"அப்படியென்றால் அந்த இடங்களைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கச் சொல்லிக் கேட்போம்" என்று கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் சொன்னார். கூட இருந்த கமக்காரர் மூவரின் முகமும் ஒரே நேரத்தில் மாறியதைப் பார்த்தேன். வன்னியில் "பாதுகாப்பு" என்ற சொல்லுக்குக் காடு, பறவை, பழங்கல் என்ற பொருள் பிறகுதான் வரும். முதலில் வருவது எல்லைக்கல். ஒருநாள் காலையில் போனால் தன் வயல் ஓரத்தில் சீமெந்துக் கல் நட்டிருக்கும். வனவளமா, வனஜீவராசிகளா, தொல்பொருளா என்று எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்டிக்குளம் 1938 இலிருந்து பறவைகள் சரணாலயம். 2015 யூனில் 19,565 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாகியது. கனகராயன் ஆறு வவுனியாவிலிருந்து ஓடிவந்து, இரணைமடுவை நிரப்பி, மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டும் கடல்நீரேரி அது. காக்கப்பட வேண்டிய இடம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அங்கே தலைமுறையாக இறால் பிடித்தவரும் மாடு மேய்த்தவரும் வர்த்தமானி வந்த பிறகே தாங்கள் பூங்காவுக்குள் நிற்பதை அறிந்தால், அவர்கள் அந்தப் பூங்காவுக்குக் காவலராவார்களா, கள்ளராக்கப்படுவார்களா? தொல்பொருளின் பெயரில் சர்ச்சை எழுந்த குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்ற பெயர்களைச் சொன்னாலே போதும், பழங்கல் ஒன்று தன் காணியில் கிடப்பதை ஏன் ஒருவர் மண்போட்டு மூடுகிறார் என்று விளங்கிவிடும்.

ஆகவே எங்களிடையே ஒரு விசித்திரமான கூட்டு மௌனம். டிப்பர்காரர் அடுக்கைப் பற்றிப் பேசமாட்டார், தொழில் போய்விடும். காணிக்காரர் பேசமாட்டார், காணி போய்விடும். உத்தியோகத்தர் பேசமாட்டார், இடமாற்றம் வந்துவிடும். இந்த மௌனத்தால் யாருடைய காணியும் பாதுகாப்பானதாகவில்லை, கல்லும் மிஞ்சவில்லை. நாங்களாகப் பேசி ஒரு முடிவுக்கு வராத இடத்துக்கு ஒன்றில் டிப்பர் வரும், அல்லது எல்லைக்கல் வரும். சில இடங்களுக்கு டிப்பர் போன பிறகு எல்லைக்கல் வரும். அதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

என் யோசனை பெரிய திட்டம் ஒன்றுமில்லை. முழு மாவட்டத்தையும் காப்போம் என்று தொடங்கினால் ஒரு கூட்டத்தோடு முடியும். ஒரே ஒரு வெட்டுமுகத்தில் தொடங்குவோம். அடுக்கு தெளிவாகத் தெரியும் பழைய குழி ஒன்றைத் தெரிந்தெடுத்து, காணிக்காரரின் உரிமையில் கை வைக்காமல், அந்தச் சுவரில் ஒரு நாற்பது அடியை மட்டும் இனி வெட்டுவதில்லை என்று ஊர் உடன்படட்டும். அந்த உடன்பாட்டைக் கமக்கார அமைப்பும் கிராம அபிவிருத்திச் சங்கமும் எழுத்தில் வைக்கட்டும், பிரதேச செயலாளரும் பிரதேச சபையும் சாட்சியாகக் கையெழுத்திடட்டும். இரணைமடுத் தண்ணீரைப் பங்கிட எங்கள் கமக்காரருக்கு ஆண்டுதோறும் கூட்டம் கூடி முடிவெடுத்துப் பழக்கம் இருக்கிறது. எந்த வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர் சிறுபோகம் என்று சண்டைபிடித்தாவது ஒரு முடிவுக்கு வருவார்கள், வந்த முடிவை மீறுபவன் அடுத்த கூட்டத்தில் தலைநிமிர முடியாது. தண்ணீருக்கு நீண்டகாலமாக நடந்துவரும் அந்த முறையைக் கிறவலுக்குக் கொண்டுபோக முடியாதா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அறிவியல்நகரில், இந்தக் குழிகளிலிருந்து சைக்கிள் ஓடும் தூரத்தில் இருக்கின்றன. தொல்லியல் படிப்பிப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். மாணவர்கள் ஒரு பருவம் வந்து அளந்து, எங்கே அடுக்கு இருக்கிறது, எங்கே வெறும் நிரப்புமண் என்று ஒரு வரைபடம் கீறித் தந்தால் பாதிச் சண்டை தீரும். அந்த வரைபடம் முதலில் ஊரின் கையில் இருக்க வேண்டும், பிறகு திணைக்களத்துக்குப் போகட்டும். இந்த ஒழுங்கு தலைகீழானால் ஒருவரும் தன் காணிக்குள் மாணவர்களை விடமாட்டார்.

நடைமுறையிலுள்ள குழிகளில் அனுமதி இலக்கமும், எத்தனை கியூப் என்பதும், முடியும் திகதியும், சீர்செய்ய வேண்டியவர் யார் என்பதும் தமிழில் எழுதிய பலகை ஒன்று வாசலில் நிற்கட்டும். வெட்டும்போது மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, முடிந்ததும் கரையைச் சரிவாக்கி அதை மேலே பரப்பினால் அடுத்த மாரிக்குப் புல் பிடிக்கும். பொருத்தமான குழி மாட்டுக்குத் தண்ணீர் குடிக்கும் சின்னக் குளமாகும். கோவிலுக்குச் சுற்றுமதில், வீட்டுக்கு மாபிள் முற்றம் என்று பணம் அனுப்பும் சுவிஸ், கனடா உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள்: பற்றுச்சீட்டுக் கேட்கும்போது கல் வந்த இடத்தையும் கேளுங்கள். நீங்கள் வாழும் நாட்டில் ஆளுக்கு ஒரு பிராங் போட்டுத்தான் தொடங்கினார்கள்.

எதிர்க்கேள்வி வரும் என்று தெரியும். சோற்றுக்கு வழியில்லாதவனிடம் கற்சுவரைப் பற்றிப் பேசுவதா? பேசலாம், அவனையும் கூட்டத்தில் இருத்திப் பேசினால். கிறவல் வேலையில் மாவட்டத்தில் எத்தனையோ இளைஞருக்கு நாட்கூலி கிடைக்கிறது. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுச் செய்யும் எந்த உடன்பாடும் மூன்று மாதம் தாங்காது. இரவில் வெட்டுவார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை எங்கள் ஒழுங்கையில் டிப்பர் ஓடும் தம்பி ஒருவனுக்கு வாசித்துக் காட்டினேன். என் வளவுக்கு அந்த எட்டு லோட்டையும் பறித்தவனின் மகன். ஸ்ரேறிங்கில் கையை வைத்தபடியே பொறுமையாகக் கேட்டான். சுவிஸ் பாறைக் கதைக்குச் சிரித்தான். நான் கொண்டுவந்த வெள்ளைக் கல்லை வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் கல் எந்தெந்தக் குழியில் கூடக் கிடக்கும் என்று விரல்விட்டு ஐந்து இடம் சொன்னான். பிறகு கேட்டான்: "ஐயா, எங்க வெட்டக் கூடாதெண்டு எழுதியிருக்கிறியள். சரி. எங்க வெட்டலாமெண்டும் ஆரும் சொல்லுவியளோ?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த கமக்கார அமைப்புக் கூட்டத்துக்கு அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.